கையால் செய்யும் மர ஃபிங்கர்போர்டு: தனி ஆளாகச் செய்து விற்க முடியுமா?

மேசைமூலை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு விரலால் ஓட்டும் குட்டி ஸ்கேட்போர்டு இருக்கிறதே, ஃபிங்கர்போர்டு, அதைக் கொஞ்ச காலமாக நானே மரத்தில் செய்து வருகிறேன். பகலில் அலுவலகம், இரவிலும் விடுமுறை நாளிலும் இந்த வேலை. வெனீர் எனப்படும் மெல்லிய மேப்பிள் மரத்தகட்டை ஐந்து அடுக்காக ஒட்டி, மோல்டில் அழுத்தி, அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, வார்னிஷ் பூசுகிறேன். நண்பர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு விலைக்குக் கேட்கிறார்கள், அவர்கள் வழியாக முன்பின் தெரியாதவர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அலுவலக வேலையை விடும் எண்ணம் இல்லை. ஆள் வைக்காமல், முழுக்க என் கையாலேயே செய்யும் சிறு தொழிலாக இதை நடத்த ஆசை.

குழப்பம் என்னவென்றால், ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. ஒன்றில் வால், அதாவது மேலே வளைந்த பின்முனை, கொஞ்சம் உயரம், இன்னொன்றில் நடுக்குழிவு ஆழம். கையால் செய்தால் அப்படித்தான் இருக்கும், அதுதான் அழகு என்று சிலர் சொல்கிறார்கள். காசு வாங்கும்போதும் அப்படிச் சொல்ல முடியுமா? அப்புறம் விலை எப்படி வைப்பது, ட்ரக் (வீலைப் பிடித்திருக்கும் உலோக அச்சு), வீல் எல்லாம் நானே செய்ய வேண்டுமா, எத்தனை வடிவம் வைத்துத் தொடங்குவது? செய்து விற்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஐந்தடுக்கு பதில்:

நண்பரே, முதல் கேள்விக்கு மட்டும் நீளமாகச் சொல்கிறேன், விலையெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும். கையால் செய்தது என்பதற்காக வடிவம் மாறக் கூடாது. மரத்தின் ரேகை மாறலாம், நிறம் மாறலாம், நடு அடுக்கில் ஏற்றிய சாயம் பலகைக்குப் பலகை வேறாகத் தெரியலாம், அதையெல்லாம் வாங்குபவர் விரும்பித்தான் வாங்குகிறார். ஆனால் வாலும் மூக்கும் எழும்பும் கோணம், நடுக்குழிவு, இரண்டு ட்ரக்குக்கும் நடுவே உள்ள தூரம், இவை மூன்றும் விரலுக்குப் பழகிப் போகிற விஷயம். மாதக்கணக்கில் ஒரே பலகையில் ஆலி, கிக்ஃப்ளிப் போன்ற வித்தைகளைப் பழகிய ஒருவர், அது தேய்ந்ததும் உங்களிடமே இன்னொன்று வாங்கினால், பழைய பழக்கம் அதிலும் அப்படியே செல்ல வேண்டும். முழு அளவு ஸ்கேட்போர்டில் அரை மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாது. நூறு மில்லிமீட்டரைச் சுற்றியே நீளம் உள்ள பலகையில் விரல் உடனே கண்டுபிடித்துவிடும்.

உங்கள் மோல்ட் எதில் செய்தது என்று எழுதவில்லை. மரத்தில் செதுக்கியது என்றால் சந்தேகத்தை அங்கிருந்தே தொடங்குங்கள், பசையின் ஈரம் பட்டுப் பட்டு மரம் உப்பும், கிளாம்ப் இறுக்குவதில் விளிம்பு நசுங்கும். அலுமினியத்தில் வெட்டியெடுத்த மோல்ட் நீண்ட நாள் உழைக்கும், செலவும் அதிகம். 3டி பிரிண்டில் எடுத்ததும் போதும், உள்ளே வெற்றிடம் விடாமல் கெட்டியாக எடுத்திருந்தால். மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே வளைவாக இருக்கக் கூடாது என்பதையும் பாருங்கள். அரை மில்லிமீட்டர் வெனீர் என்றால் ஐந்தும் சேர்ந்து இரண்டரை மில்லிமீட்டர், அந்தத் தடிமனைக் கணக்கில் எடுத்து ஒரு பாதியின் வளைவை மாற்றி வரைய வேண்டும். இல்லையென்றால் வால் சரிவில் ஒரு அழுத்தம், நடுவில் ஒரு அழுத்தம் என்று ஆகி, எங்கோ ஓரிடத்தில் அடுக்குகள் ஒட்டாமல் நின்றுவிடும்.

அடுக்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் படிக்கும் மற்றவர்களுக்காக: 1, 3, 5 ரேகை நீளவாக்கில், 2, 4 குறுக்கே. குறுக்கு அடுக்கு இல்லாவிட்டால் பலகை ரேகையோடு நீளமாகப் பிளக்கும், குறுக்கடுக்கு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் முறுக்கிக்கொள்ளும். வால் உயரம் மாறுவதற்கு நான் பார்த்தவரை பெரிய காரணம் ஈரம்தான். மரப்பசை தண்ணீர் கலந்தது, வெனீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். சில மணி நேரத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிந்தாலும் ஈரம் உள்ளே இருக்கும், அப்போது வெளியே எடுத்தால் வளைவு மெல்ல நிமிரும். ஒரு பலகையை இரவு முழுக்க விட்டு, அடுத்ததை மாலையிலேயே எடுத்தால் இரண்டும் ஒரே மாதிரி எப்படி வரும்? ஒரே நேரக் கணக்கை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள், எடுத்த பிறகும் அறுக்க அவசரப்படாமல் இன்னொரு நாள் காயவிடுங்கள். வெனீரையும் தட்டையாக, எடை வைத்து, ஈரக்காற்று படாத இடத்தில் வையுங்கள்.

கடைசியாகத் துளை. ட்ரக்குக்கு நான்கு வீதம் எட்டுத் துளை, அவற்றை மோல்டோடு சேர்த்துத்தான் குறிக்க வேண்டும், அறுத்த வெளிவடிவத்தைப் பார்த்து அல்ல. ஏனென்றால் துளைக்கும் வால் எழும்பும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ஓட்டும்போது தெரியும். முதலில் துளை போட்டுவிட்டு, வெளிவடிவ டெம்ப்ளேட்டை அந்தத் துளைகளிலேயே ஸ்க்ரூ போட்டு இறுக்கி, அதைச் சுற்றி அறுத்துத் தேய்த்தால் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும்.

கடையாணி பதில்:

விலை பற்றி நான் சொல்கிறேன், மரத்தில் குட்டிப் பொருட்கள் செய்து விற்றுக்கொண்டிருக்கிறேன். மரம், பசை, வார்னிஷ், பெட்டி எல்லாம் சேர்த்தாலும் பலகையின் விலையில் சிறு பகுதிதான், பெரும் பகுதி உங்கள் நேரம். மோல்டில் கிடக்கும் இரவைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அப்போது நீங்கள் தூங்குகிறீர்கள். அறுப்பது, விளிம்பு உருட்டுவது, தேய்ப்பது, பூச்சுக்கு நடுவே மறுபடி தேய்ப்பது, விரல் வழுக்காமல் இருக்க மேலே டேப் வெட்டி ஒட்டுவது, புகைப்படம் எடுப்பது, வருகிற கேள்விகளுக்குப் பதில் எழுதுவது, பொதி கட்டுவது, இத்தனையும் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். ஒரு மணி நேர உழைப்புக்கு இவ்வளவு வேண்டும் என்று நீங்களே ஒரு தொகை வைத்து அதால் பெருக்கினால் வரும் விலையைப் பார்த்துக் கூச்சப்படக் கூடாது. பொம்மைக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஃபிங்கர்போர்டோடு விலையை ஒப்பிடவே வேண்டாம், அது வேறு பொருள்.

கடைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கடைக்காரர் பெரும்பாலும் விற்கும் விலையில் பாதிக்குத்தான் எடுப்பார். அந்தப் பாதியிலும் உங்களுக்குக் கூலி நிற்கிற மாதிரி இப்போதே விலை வையுங்கள், பிறகு ஏற்றினால் பழைய வாடிக்கையாளர்கள் வருத்தப்படுவார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு பிறகு செய்து தருவது தனி ஆளுக்கு ஆகவே ஆகாது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். செய்து முடித்து, சரிபார்த்து, கையில் இருப்பதை மட்டும் விற்பனைக்குப் போடுங்கள், தீர்ந்தால் தீர்ந்தது, அடுத்த தொகுதி வரும் என்று சொல்லுங்கள். பலகை பத்து கிராம்கூட வராது, அனுப்பும் செலவு குறைவு என்பது இந்தத் தொழிலில் பெரிய நிம்மதி.

பெரிய ஸ்கேட்போர்டு கம்பெனிகளின் லோகோவைச் சிறிதாக்கி அடியில் ஒட்டி விற்காதீர்கள். கேட்பார்கள், நன்றாகவும் விற்கும், ஆனால் அது அடுத்தவர் சொத்து. குட்டி ஸ்க்ரூவும் நட்டும் சேர்த்து விற்றால் சின்னக் குழந்தைகளுக்கு அல்ல என்று தெளிவாக எழுதுங்கள், விழுங்கிவிடும் அளவுதான் அவை. உங்கள் ஊர்ப் பொம்மை விதிகளையும் விற்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

விரல்நடை பதில்:

நான் செய்பவன் அல்ல, வாங்கி ஓட்டுபவன். ட்ரக்கும் வீலும் நீங்கள் செய்ய வேண்டாம். ட்ரக் உலோக வேலை, வீல் யூரித்தேனில் கடைசல் வேலை, இரண்டும் தனித்தனித் தொழில். ஜெர்மனியின் பிளாக்ரிவர் மாதிரி அதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன, மரப் பலகை வாங்கும் நிலைக்கு வந்தவர் பெரும்பாலும் ஒரு ஜோடி நல்ல ட்ரக் ஏற்கெனவே வைத்திருப்பார். என்னைப் போன்றவர்களுக்குப் பலகை மட்டும்தான் வேண்டும், கூட ஒரு துண்டு மெத்து டேப் வைத்தால் சந்தோஷம்.

வடிவம் ஒன்றிரண்டு போதும். முன்பு 29 மில்லிமீட்டர் அகலம்தான் எங்கும், இப்போது 32 முதல் 34 வரை கேட்கிறார்கள். உண்மையான ஸ்கேட்போர்டு அகலத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு நீளம், இதில் மூன்று மடங்குதான், காரணம் பலகையைச் சுருக்கலாம், விரலைச் சுருக்க முடியாதே. 32 ட்ரக்குக்குப் பொருந்தும் ஒரு அகலம், 34க்கு ஒன்று, அவ்வளவுதான். பத்து வடிவம் வைத்திருப்பவரைவிட ஒரே வடிவத்தை வருடக்கணக்கில் மாற்றாமல் தருபவரிடம்தான் நான் திரும்பப் போவேன். ஐந்தடுக்கு சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் ஏற்கிறேன்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன்: முகக்கவசம் போடுங்கள், நல்லதாக. கடின மரத்தூள் புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இரவு, மூடிய அறை, தேய்க்கும் மெஷின், தினமும், இது விளையாட்டு இல்லை.

மேசைமூலை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மோல்ட் மரம்தான், கெட்டியான 3டி பிரிண்டுக்கு மாற்றுகிறேன். துளைகளில் டெம்ப்ளேட்டை இறுக்கும் யோசனை ஒன்றே போதும், இந்த வாரமே செய்து பார்க்கிறேன். ஒரு சின்னக் கேள்வி மிச்சம். நடு அடுக்குக்கு நீலச் சாயம் ஏற்றினால், தண்ணீரில் கரையும் வார்னிஷ் பூசும்போது விளிம்பில் நிறம் கலங்கி வெள்ளை மேப்பிள் மேல் ஏறுகிறது. அப்புறம் அளவு சரியாக வந்து தோற்றத்தில் மட்டும் குறை உள்ள பலகைகளை என்ன செய்வீர்கள்?

ஐந்தடுக்கு:

உங்கள் சாயம் தண்ணீரில் கரைவது, வார்னிஷும் தண்ணீரில் கரைவது, அதனால் பூசும்போது சாயம் மறுபடி கரைந்து கிளம்புகிறது. இரண்டில் ஒன்றை மாற்றுங்கள், எண்ணெய் சார்ந்த பூச்சு போட்டால் அந்தச் சாயம் அசையாது. சாயம் ஏற்றிய வெனீரை ஒட்டும் முன் முழுக்கக் காயவையுங்கள், தேய்த்த தூளை விளிம்பிலிருந்து சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பூசுங்கள், ஏனென்றால் அந்த நீலத் தூளே பாதிக் கறைக்குக் காரணம்.

கறை மட்டும் உள்ளவை என்றால் இரண்டாம் தரம் என்று எழுதி, கறை தெரிகிற மாதிரி படம் போட்டு, குறைந்த விலைக்குக் கொடுங்கள், புதிதாகப் பழகுபவர்கள் ஆசையாக வாங்குவார்கள். கோணமோ துளையோ தவறியது என்றால் எந்த விலைக்கும் வெளியே விடாதீர்கள், அதை அடுத்த சாயத்தையும் வார்னிஷையும் பூசிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.