ஓக் கேட்டவருக்கு: திருகோணமலைத் தெருவோரத்தில் பாலை

உவர்மலைவாசி:
திருகோணமலைத் தெருவோரத்தில் ஹோம் ஓக் (holm oak) வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது மத்தியதரைக் கடலோரத்து மரம். ஆழமாக இறங்கும் வேராலும் தடித்த இலையாலும்தான் கோடையைத் தாங்குகிறது. குளிர் கண்டு வளர்ந்த அந்த மரத்தை இங்கே வைத்துக் கஷ்டப்படுவானேன்? அதே குணம் நம்மூர்ப் பாலை மரத்துக்கும் இருக்கிறது. கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்றும் கடலின் உப்புக்காற்றும் அதற்குப் பழக்கம். வளர்ச்சிதான் ஆமை வேகம். அவசரக்காரர் வேம்புக்குப் போகலாம்.

கன்று வாங்கும்போது பொலித்தீன் பையின் அடியைப் பாருங்கள். ஆணிவேர் சுருண்டு கிடந்தால் வேண்டாம். நட்ட பிறகும் சுருண்டபடியே தடித்து, காற்றில் மரம் சாயும். இரண்டடிக் கன்று போதும். மழை விழுந்து நிலம் ஊறியதும், ஒக்டோபர் கடைசியில் நடுங்கள். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் பை உயரத்துக்கு மேல் வேண்டாம். கல்லு நிலத்தில் குழிச்சுவர் இறுகிக் கிடக்கும். அலவாங்கால் கீறிவிடாவிட்டால் வேர் தொட்டிக்குள் போல உள்ளேயே சுற்றும். வெட்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். கூட்டெருவை மேலே பரப்பினால் போதும்.

நிலாவெளி ரோட்டுக்காரர்:
மேலே சொன்னது கல்லு நிலத்துக்குச் சரி. உப்புவெளி, நிலாவெளி மணலில் தண்ணீர் நிற்காது. அங்கே மட்டும் குழி மண்ணில் கால் பங்கு கூட்டெரு கலக்க வேண்டும். தினமும் ஒரு போத்தல் ஊற்றுவதுதான் பெரிய கெடுதல். வேர் மேலேயே தங்கி, ஓகஸ்ட்டில் கருகும். கல்லு நிலத்தில் கிழமைக்கு ஒருமுறை 20 லீற்றர், மணலில் அதையே இரண்டாகப் பிரித்து. முதல் இரண்டு கோடைக்கு இது தவறக்கூடாது. தென்னோலை மூடாக்கு நல்லது, ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டிக் கிடந்தால் கறையான் ஏறும்.

கோட்டையடி:
டவுனுக்குள் திரியும் மானை மறந்துவிட்டீர்கள்! ஆட்டுக்கு அடைக்கிற மூன்றடி வேலி மானுக்குப் போதாது. பின்னங்காலில் எழும்பி நுனியைக் கடிக்கும். கொம்பை உரசித் தோலையும் உரிக்கும். தண்டைச் சுற்றித் தோல் முழுதாகப் போனால் கன்று தப்பாது. ஐந்தடிக் கம்பிவலை, தண்டிலிருந்து இரண்டரை அடி தள்ளி, மூன்று கட்டையில். ஊன்றுகோல் கட்ட சைக்கிள் ரியூப் துண்டு, தளர்வாக 8 வடிவில் சுற்றி. ஒரு வருடத்தில் அவிழ்த்துவிடுங்கள். அசைந்தால்தான் தண்டு தடிக்கும். மின்கம்பிக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள், பிறகு கிளை வெட்ட வருபவர்கள் அரை மரத்தையே கொண்டு போவார்கள்.