நீடாமங்கலம் பக்கம்: வீட்டுக் கணினியை லினக்ஸுக்கு மாற்றலாமா? அப்பாவின் பாமினி கோப்புகள்தான் கவலை

கோரையாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டாப். இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும் என்கிறார்கள், இந்தப் பெட்டியில் இரண்டும் இல்லை. புதிது வாங்குவதென்றால் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் வந்த பிறகுதான், அந்தப் பணத்துக்கும் இப்போதே வேறு செலவு காத்திருக்கிறது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று நினைக்கிறேன்.

கணினியில் அதிகம் உட்காருவது அப்பாதான். ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். வாய்க்கால் தூர்வாரச் சொல்லி எழுதியது, பயிர்க் காப்பீட்டுத் தொகை வராததற்கு எழுதியது, 2018இல் கஜா புயலுக்குப் பிறகு வீடும் தென்னையும் போனவர்களுக்காக எழுதிய மனுக்கள் என்று எல்லாமே வேர்டு கோப்புகளாகக் கிடக்கின்றன, எல்லாமே பாமினி எழுத்துருவில் அடித்தவை. பழைய மனுவின் நகலைக் கேட்டு இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். அவை திறக்காமல் போனால் அப்பாவுக்கு மட்டுமல்ல, ஊருக்கே நஷ்டம்.

பிரிண்டர் கேனான் எல்பிபி 2900. மற்றபடி தங்கையின் கல்லூரி வேலை, சிட்டா அடங்கல் எடுப்பது, வங்கி வேலை எல்லாம் பிரவுசரில்தான். அப்பா இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர், விரல் பழக்கம் மாறாமல் இருக்க வேண்டும். இந்த வயதில் புது விசைப்பலகை பழகச் சொல்ல எனக்கு மனமில்லை. மாற்றலாமா, எதை முதலில் பார்க்க வேண்டும்?

குடந்தை_மின்ட் எழுதியது:

தாராளமாக மாற்றலாம். ஆனால் இன்றைக்கே ஹார்டு டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள். லினக்ஸில் பல வகை உண்டு, அதில் மின்ட் என்ற வகையின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்குங்கள், உங்கள் 4 ஜிபி ராமுக்கு அதுதான் இலகு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. அதை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி வரும், வீட்டு நெட் மெதுவாக இருந்தால் இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் அதை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். நிறுவாமலே முழு மின்டும் ஓடும், ஹார்டு டிஸ்க்கில் எதையும் தொடாது. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அந்த நிலையிலேயே வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, வங்கித் தளம் திறக்கிறதா, அப்பாவின் கோப்பு திறக்கிறதா, பிரிண்டர் ஓடுகிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். வைஃபை பிடிக்காவிட்டால் பயப்பட வேண்டாம், போனை யுஎஸ்பி கம்பியில் மாட்டி டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும், அதை வைத்தே வைஃபைக்கான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். விண்டோஸை அணைக்கும்போது ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். இல்லையென்றால் அது பாதித் தூக்கத்தில் இருக்கும், அந்த டிஸ்க்கை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும்.

பாமணி_வாசகி எழுதியது:

அப்பாவின் கோப்புகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இதுதான் முக்கியம்.

பாமினி யூனிகோடு இல்லை, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் அமைந்தது அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு அது. அதனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், கோப்பு கெட்டுவிட்டது என்று எல்லோரும் பதறுவார்கள். கெடவில்லை. விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் இருக்கும் பாமினி கோப்பை எடுத்து, லினக்ஸில் உங்கள் ஹோம் கோப்புறைக்குள், பெயரின் முன்னால் புள்ளி வைத்து ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'ஃபான்ட்ஸ்' என்று (.fonts) ஒரு கோப்புறை உருவாக்கி அதில் போடுங்கள். லினக்ஸில் வேர்டு கோப்புகளைத் திறக்கும் லிப்ரேஆபீஸை மூடித் திறந்தால் மனு அப்படியே தமிழில் நிற்கும். பக்க அமைப்பு அங்கங்கே ஒரு வரி நகரலாம், அட்டவணை இருந்தால் சரிபார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

ஆனால் இது பாதி வழிதான் என்பது என் கருத்து. பாமினியில் கிடக்கும் வரை அந்த மனுக்களுக்குள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது, அரசு இணையதளத்தின் மனுப் பெட்டியில் போடவும் முடியாது. தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. மாறுகிற இந்த நேரத்திலேயே கோப்புகளையும் மாற்றிவிடுங்கள். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பில் பாமினி, டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களை யூனிகோடாக்கும் வசதி இருக்கிறது, கட்டற்ற மென்பொருள்தான். தங்கை கல்லூரியில் கணினி படிக்கிறார் என்றால் அவரிடமே இந்த வேலையைக் கொடுங்கள். மனுவில் நடுநடுவே ஆங்கிலம் இருந்தால், உதாரணமாகப் பாலிசி எண், வங்கிப் பெயர், அதையும் சேர்த்து மாற்றினால் அந்த ஆங்கிலம் பொருளற்ற தமிழாகிவிடும். பாமினியில் இருக்கும் பகுதியை மட்டும் மாற்ற வேண்டும். மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள், கஜா மனுக்களில் தேதியும் பெயரும் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது.

விரல் பழக்கத்துக்கு வழி இருக்கிறது. தமிழில் அடிக்க உதவும் ஐபஸ், அதோடு எம்17என் தொகுப்பு, இரண்டையும் மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு என்று பல தமிழ் விசைமுறைகள் கிடைக்கும். அப்பாவுக்குத் தட்டச்சு முறையைப் போட்டுக் கொடுங்கள். பழைய ரெமிங்டன் டைப்ரைட்டர் வரிசைதான், இரண்டொரு குறி இடம் மாறியிருக்கலாம், விசைப்படத்தை அச்சிட்டு மேசையில் ஒட்டிவிடுங்கள். தங்கைக்குத் தமிழ்99 போதும், புள்ளியைப் பெரும்பாலும் அதுவே வைத்துவிடும். தமிழிலேயே படிக்க வேண்டுமென்றால் கணியம் தளத்தில் 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் கட்டுரைகள் வருகின்றன.

இசேவை_மயிலாடுதுறை எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து. நான் இ-சேவை மையம் நடத்துகிறேன், கைரேகைக் கருவிக்கு விண்டோஸ் வேண்டும், கணக்கு எழுதும் டேலி மென்பொருளும் விண்டோஸில்தான் முறையாக ஓடும், டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் இங்கே பழகிய வேலை. இந்த மாதிரி வேலை எதுவும் வீட்டில் இருந்தால் லினக்ஸ் பக்கம் போகாதீர்கள். விண்டோஸ் 10க்கும் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் என்று ஒன்று இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவுசெய்தால் 2026 அக்டோபர் வரை வரும். அவசரப்படத் தேவையில்லை.

இன்னொன்று. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. எங்கள் பகுதிப் பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் மாற்றினால் அப்பா கணினியை மூடி வைத்துவிடுவார், அதுதான் என் பயம்.

பாமணி_வாசகி எழுதியது:

ஐயா, உங்கள் மையத்துக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இவர் வீட்டில் கைரேகைக் கருவியும் இல்லை, டேலியும் இல்லை. மடிக்கணினி விஷயத்திலும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது லினக்ஸின் குறை அல்ல. பள்ளியில் ஒருவரும் அதில் பாடம் நடத்தவில்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளில் லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடக்கிறது, பிள்ளைகள் படித்துத்தான் வருகிறார்கள். இங்கே அப்பாவுக்குப் பக்கத்தில் மகனும் மகளும் இருக்கிறார்கள்.

கோரையாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பென்டிரைவில் ஓட்டிப் பார்த்தோம். வைஃபை தானாகவே வந்தது. பாமினியைப் போட்டதும் அப்பாவின் மனு திறந்துவிட்டது, அவரே பெயர் பெயராகப் படித்துச் சரிபார்த்தார். பிரிண்டர் மட்டும் பட்டியலில் பெயர் காட்டுகிறது, அச்சு வரவில்லை. அப்புறம், இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, யுபிஎஸ் பேட்டரியும் சரியில்லை. நிறுவும்போது போய்விட்டால்?

குடந்தை_மின்ட் எழுதியது:

எல்பிபி 2900 கேப்ட் என்ற தனி நெறிமுறையில் இயங்குவது, பொதுவான லினக்ஸ் டிரைவர் அதற்குப் போதாது. கேனான் தளத்தில் லினக்ஸுக்கான கேப்ட் டிரைவர் தனியாக இருக்கிறது, அதை நிறுவிப் பின்னணிச் சேவையையும் இயக்க வேண்டும். கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. சமூகத்தினர் எழுதிய கேப்ட் டிரைவர் ஒன்றும் உண்டு. இரண்டும் சரிவராவிட்டால் மனுவைப் பிடிஎஃப் ஆக்கிக் கடையில் அச்சிடுங்கள், பிறகு எப்போதாவது பிரிண்டர் மாற்றும்போது லினக்ஸ் ஆதரவைக் கேட்டு வாங்குங்கள். எப்சன் எல் வரிசைக்கு மின்டிலேயே டிரைவர் கிடைக்கும். ஹெச்பி லேசர்ஜெட் 1020க்கு ஹெச்பி தரும் கூடுதல் செருகுநிரலை ஒருமுறை இறக்கினால் போதும்.

மின்சாரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன், இதில் பிரிண்டர் கவலையும் குறையும். ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி, 240 ஜிபியில் ஒன்று வாங்குங்கள், புதுக் கணினியோடு பார்த்தால் சிறிய செலவு. பெட்டியைத் திறந்து பழைய ஹார்டு டிஸ்க்கின் கம்பியைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி அதில் மின்டை நிறுவுங்கள். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து நிறுவிக்கொள்ளலாம், அப்பாவின் கோப்பு இருக்கும் டிஸ்க் அப்போது கணினியிலேயே இல்லை. முடிந்ததும் பழையதையும் மாட்டுங்கள். எதில் தொடங்க வேண்டும் என்று பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். அச்சிட வேண்டிய நாளில் மட்டும் விண்டோஸுக்குப் போய், நெட் இணைக்காமல் அச்சிட்டுவிட்டு வாருங்கள். வேகமும் பல மடங்கு கூடும், இந்த வயதுக் கணினியில் மந்தத்துக்குப் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம்.

நிறுவிய பிறகு திடீரென்று மின்சாரம் போனாலும் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பை வைத்திருப்பதால் பெரும்பாலும் தானே சரிசெய்துகொண்டு எழும். அப்பா அடித்துக்கொண்டிருக்கும் மனு போகாமல் இருக்க, லிப்ரேஆபீஸில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை 2 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். மின்டில் உள்ள டைம்ஷிஃப்ட் என்ற காப்புக் கருவியையும் இயக்குங்கள், ஏதாவது அப்டேட் தகராறு செய்தால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தைத்தான் காக்கும், மனுக்களை அல்ல. மனுக்களை இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வருவது உங்களுக்குத் தெரியாததல்ல.

எஸ்எஸ்டி வாங்கியதும் சொல்லுங்கள், கேப்ட் டிரைவரை நிறுவும் முறையைத் தமிழில் படிப்படியாக இங்கேயே எழுதுகிறேன்.