ட்ரீம்காஸ்ட்டைக் காட்டி டிஸ்க் டிரைவைப் பிடுங்கச் சொல்பவர்களுக்கு

லேசர் கண்ணன்:
நண்பர் மேகவாசி வேறோர் இழையில், “வட்டு இருக்கும் வரை திருட்டு நகலும் இருக்கும், சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் விளையாட்டுக் கன்சோலைக் கொன்றதே அதன் வட்டுதான், ஆகவே அடுத்து வரும் கன்சோல்களில் டிஸ்க் டிரைவே இருக்கக் கூடாது” என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அங்கே பதில் சொன்னால் யார் கண்ணிலும் படாது என்பதால் தனி இழையாகவே தொடங்குகிறேன். ட்ரீம்காஸ்ட் விளையாட்டுகள் வந்த ஜிடி-ராம் வட்டின் காப்பை எவரும் உடைக்கவில்லை. அந்த வட்டைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே சாதாரண சிடி அடர்த்தியில் ஒரு சிறு பகுதி, அடுத்து எழுத்துப் பொறித்த மெல்லிய வளையம், அதற்கு வெளியே ஏறத்தாழ 1 ஜிபி கொள்ளும் அடர்ந்த பகுதி. பாட்டுக் கேட்கும் சிடி பிளேயரில் போட்டால் உள்பகுதி மட்டும் ஓடி, இதை இங்கே போடாதீர்கள் என்று ஒரு குரல் எச்சரிக்கும். வெளிப்பகுதியைப் போல ஒரு வட்டை வீட்டு சிடி ரைட்டரால் எழுதவே முடியாது.

உடைந்தது மில்-சிடி. இசை வட்டுகளில் படமும் மெனுவும் சேர்ப்பதற்காக சேகாவே வைத்த வசதி அது. அதன் வழியே சாதாரண சிடியிலிருந்தும் கன்சோல் துவங்கும் என்பதை 2000ஆம் ஆண்டில் கண்டுகொண்டார்கள். பிறகு தயாரான கன்சோல்களில் சேகா அந்த வசதியையே எடுத்துவிட்டது. குற்றம் வட்டினுடையதா, பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தவர்களுடையதா என்பதை மேகவாசி விளக்கட்டும்.

மேகவாசி:
விளக்குகிறேன். காப்பை ஏமாற்றும் மோட்சிப் வேண்டாம், சாலிடரிங் வேண்டாம். வெற்று சிடி ஒன்றில் எழுதி, அதே மூடியைத் திறந்து, அதே லேசருக்கு மேல் வைத்து விளையாடினார்கள். 1 ஜிபி விளையாட்டு 700 எம்பி சிடியில் அடங்காதபோது ஒலியின் தரத்தைக் குறைத்தும் வீடியோக்களை வெட்டியும் அடக்கினார்கள். பீரோவில் இருந்ததெல்லாம் போன பிறகு, பூட்டு மட்டும் உடையவில்லை பாருங்கள் என்று நீங்கள் பெருமைப்படுகிறீர்கள். சரி, ட்ரீம்காஸ்ட் பழங்கதை என்றே வைத்துக்கொள்வோம். எக்ஸ்பாக்ஸ் 360இல் என்ன நடந்தது? 2006இலேயே அதன் டிவிடி டிரைவை இயக்கும் உள்நிரலான ஃபர்ம்வேரை மாற்றினார்கள். உள்ளே இருப்பது அசல் வட்டா என்று கன்சோல் கேட்க வேண்டியது டிரைவிடம்தான். அந்த டிரைவே பொய் சொல்லத் தொடங்கிவிட்டது. 2009 நவம்பரில் பல லட்சம் கன்சோல்களை மைக்ரோசாஃப்ட் தன் இணையச் சேவையிலிருந்து வெளியேற்றியதற்குக் காரணம் இதுதான். டிரைவ் இல்லாதிருந்தால் பொய் சொல்ல எது இருந்திருக்கும்?

பிட்டுக்கு மண்:
இருவரும் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்புகிறீர்கள் என்று தோன்றுகிறது. வட்டில் உள்ள தரவைப் படித்து எடுப்பது ஒன்று; வட்டு அசலா நகலா என்று டிரைவ் கண்டறிவது இன்னொன்று; நிறுவனத்தின் ஒப்புதலைக் காட்டும் டிஜிட்டல் கையொப்பமில்லாத நிரலைக் கன்சோல் ஓட்டுவது மூன்றாவது. இவற்றில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் விவாதம் சுருக்கமாக முடியும்.

லேசர் கண்ணன்:
பிட்டுக்கு மண் அவர்களே, வகுப்பு எடுத்ததற்கு நன்றி. நாங்கள் ட்ரீம்காஸ்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மேகவாசிக்கு: ட்ரீம்காஸ்ட் பழங்கதை என்று இப்போது நழுவுகிறீர்கள்; அந்தப் பழங்கதையை எடுத்துக்கொண்டு வந்தது நானல்ல. பிளேஸ்டேஷன் 2 டிவிடியோடு ஜப்பானில் வந்தது 2000 மார்ச்சில்; பெரிய விளையாட்டு நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ட்ரீம்காஸ்ட்டுக்கு ஒரு விளையாட்டுகூடச் செய்யவில்லை; முந்தைய கன்சோலான சாட்டர்ன் காலத்து நட்டம் சேகாவின் கழுத்தை ஏற்கெனவே நெரித்துக்கொண்டிருந்தது. 2001 ஜனவரியில் சேகா கையை விரித்ததற்கு இத்தனை காரணங்கள் இருக்க, வட்டுதான் கொன்றது என்பது பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதைப் போன்றது. அப்படியே வட்டுதான் கொன்றது என்றாலும், கொன்றது ஜிடி-ராம் அல்ல, மில்-சிடி.

360இல் பொய் சொன்னது டிரைவின் ஃபர்ம்வேர், வட்டு அல்ல. நல்ல டிரைவ் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிளேஸ்டேஷன் 3 சாட்சி. அது விழுந்தது 2010 ஆகஸ்டில், யூஎஸ்பி துளையில் செருகிய ஒரு சிறு கருவியால். அதே ஆண்டு டிசம்பரில், பெர்லினில் நடந்த கேயாஸ் ஹேக்கர் மாநாட்டில் முழுதாக மானம் போனது. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஒரு தற்செயல் எண்ணை எடுக்க வேண்டிய இடத்தில் சோனி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருந்தது. இரண்டு கையொப்பங்களைப் பக்கத்தில் வைத்து, பள்ளிக்கூடத்துச் சமன்பாடு போல ரகசியச் சாவியைக் கணக்கிட்டுவிட்டார்கள். இதில் வட்டின் பங்கு என்ன?

கேட்ரிட்ஜ் கிழவர்:
வட்டின் பெருமை பேசுகிறவர்கள் முதல் பிளேஸ்டேஷனை மறந்துவிடுகிறீர்கள். அந்த வட்டின் உட்பகுதியில் தடமே நடுங்கும்படி அச்சிட்டிருப்பார்கள். அந்த நடுக்கத்தில் வட்டாரத்துக்குரிய நான்கெழுத்துக் குறியீடு ஒளிந்திருக்கும். வெற்று சிடியில் தடம் ஏற்கெனவே வேறு விதமாக அமைந்திருப்பதால், எந்த ரைட்டராலும் அதை எழுத முடியாது. எவ்வளவு நேர்த்தியான யோசனை! ஆனால் கன்சோல் அதைத் தொடக்கத்தில் மட்டும்தான் சோதித்தது. மூடி திறந்திருப்பது தெரியாதபடி அங்குள்ள பொத்தானை எதையாவது வைத்து அழுத்திவிட்டு, அசல் வட்டைச் சுழலவிட்டுச் சோதனை முடிந்த கணத்தில் நகலை மாற்றிப் போட்டார்கள். சிப் பொதிந்த கேட்ரிட்ஜில் இந்தக் கூத்து நடக்குமா?

லேசர் கண்ணன்:
நடந்ததே, பெரியவரே. நின்டெண்டோ ஸ்விட்சின் முதல் தலைமுறையில் வட்டும் இல்லை, டிரைவும் இல்லை, நீங்கள் கொண்டாடும் கேட்ரிட்ஜ்தான் இருந்தது. வலப்பக்கக் கைப்பிடியைக் கழற்றி, தண்டவாளத்தின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்து, யூஎஸ்பி வழியே உள்ளே போனார்கள். பிழை இருந்தது கன்சோலின் மையமான டெக்ரா சிப்பிலேயே பொறித்த துவக்க நிரலில். 2018இல் அது வெளியானபோது, அதற்குள் விற்றுப்போன கன்சோல்களை எந்த அப்டேட்டாலும் சரிசெய்ய முடியவில்லை. டிரைவைப் பிடுங்கினால் திருட்டு நின்றுவிடும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசலாம்.

மேகவாசி:
பதில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டையும் பற்றி 2022 ஜூனில் வெளியான ஓட்டையை வசதியாக விட்டுவிட்டீர்கள். ப்ளூரே படங்களின் மெனுவுக்காக உள்ளே வைத்த ஜாவா என்ற நிரல்மொழி வசதி வழியாகத்தான் அது நுழைந்தது. அதாவது, ஒரு வட்டை எழுதி, டிரைவில் செருகினார்கள். மீண்டும் வட்டு, மீண்டும் டிரைவ். ட்ரீம்காஸ்ட்டில் இசைக்கென்று வைத்த வழி; இங்கே படத்துக்கென்று வைத்த வழி. இருபது ஆண்டுகளில் எதையும் கற்றுக்கொள்ளாமல் அதே துளையில் அதே ஆபத்தை வைத்திருக்கிறார்கள் என்றால், துளையை அடைப்பதைத் தவிர வேறு வழி என்ன?

லேசர் கண்ணன்:
நீங்களே என் வாதத்தை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். இசைக்கு வைத்த வழி, படத்துக்கு வைத்த வழி என்கிறீர்கள்; விளையாட்டு வட்டுக்கு வைத்த வழி என்று உங்களால் சொல்ல முடியவில்லையே! மில்-சிடி ஜிடி-ராம் அல்ல. ப்ளூரே ஜாவா விளையாட்டு ப்ளூரே அல்ல. அடுத்த கன்சோலில் பட வட்டுக்கான ஜாவாவை எடுத்துவிடச் சொல்லுங்கள், கைதட்டுகிறேன். டிரைவையே எடுக்கச் சொல்வது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

மேகவாசி:
மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: வெற்று சிடியில் எழுதிய விளையாட்டு அந்தக் கன்சோலில் ஓடியது. விளையாடியவன் அதை மில்-சிடி என்று நினைத்தா விளையாடினான்?

லேசர் கண்ணன்:
விளையாடியவன் என்ன நினைத்தான் என்பது பொறியியல் ஆகாது. ப்ளூரேக்குப் போட்டியான எச்டி டிவிடிதான் வெல்லும், ப்ளூரேயை வைத்துக்கொண்டு சோனி மூழ்கும் என்று இதே மன்றத்தில் நீங்கள் எழுதிய காலத்திலும் உங்களுடைய ஆதாரம் இதே வகையில்தான் இருந்தது. 2008 பிப்ரவரியில் எச்டி டிவிடியின் தோஷிபா கடையைக் கட்டியபோது நீங்கள் காணாமல் போனதை நான் மறக்கவில்லை.

மேகவாசி:
இது அதுவல்ல. 360க்கு 2006இல் தனியாக விற்ற எச்டி டிவிடி டிரைவ் படம் பார்ப்பதற்கு மட்டுமே. ஒரு விளையாட்டுகூட அதில் வரவில்லை. விளையாட்டுகளையும் அதில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அன்றைக்கு என் கேள்வி. அதைத் திரித்து இன்றுவரை சுமந்து திரிகிறீர்கள்.

லேசர் கண்ணன்:
என்ன ஆகியிருக்கும் என்பதற்கு, என்ன ஆனது என்பதைப் பாருங்கள். டிவிடியின் இரு அடுக்குகளில் 8.5 ஜிபி இருந்தும், காப்புக்கும் பிறவற்றுக்கும் ஒதுக்கியது போக 360 விளையாட்டுக்குக் கிடைத்தது சுமார் 6.8 ஜிபி. 2011இல் வடிவத்தை மாற்றி இன்னொரு ஜிபியைப் பிழிந்தெடுத்தார்கள். பிளேஸ்டேஷன் 3இல் ஒரே ப்ளூரேயில் அடங்கிய ‘ஃபைனல் ஃபேன்டசி 13’ 360இல் மூன்று வட்டுகளாக வந்தது. ‘லாஸ்ட் ஒடிசி’க்கு நான்கு வட்டுகள். திருட்டைத் தடுக்கிறோம் என்று இடத்தைத் தின்றார்கள், திருட்டும் நிற்கவில்லை.

கேட்ரிட்ஜ் கிழவர்:
ப்ளூரேயில் 50 ஜிபி இருந்து என்ன பயன்? பிளேஸ்டேஷன் 3இன் டிரைவ் நொடிக்கு 9 எம்பிதான் படித்தது. முதலில் ஹார்ட் டிஸ்கில் நிறுவிவிட்டு வாருங்கள் என்று எத்தனை விளையாட்டுகள் நம்மை உட்காரவைத்தன! 360இன் டிவிடி வெளிவிளிம்பில் அதைவிட வேகமாகப் படித்தது. கேட்ரிட்ஜில் காத்திருப்பே இல்லை என்பதையும் அன்போடு நினைவூட்டுகிறேன்.

மேகவாசி:
கேட்ரிட்ஜ் என்ற பெயரில் இப்போது என்ன விற்கிறார்கள் என்று பெரியவர் பார்த்தாரா? 2025இல் வந்த ஸ்விட்ச் 2இல் ‘கேம்-கீ கார்டு’ என்று ஒன்று உண்டு. உள்ளே விளையாட்டு இல்லை, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கான சாவி மட்டுமே இருக்கிறது. 2022இல் வந்த ‘மாடர்ன் வார்ஃபேர் 2’இன் பிளேஸ்டேஷன் 5 வட்டில் இருந்தது சுமார் 70 எம்பி, மீதி முழுவதும் இறக்கம். 100 ஜிபி கொள்ளும் வட்டு வடிவத்தை வைத்துக்கொண்டு 70 எம்பி எழுதுகிறார்கள் என்றால், நிறுவனங்களே வட்டைக் கைவிட்டுவிட்டன. கண்ணன் மட்டும்தான் இன்னும் அலமாரிக்குக் காவல் இருக்கிறார்.

லேசர் கண்ணன்:
காவல் இருக்கத்தான் செய்வேன். நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கன்சோல்கள் இரண்டின் இணையக் கடையிலும் 2023 மார்ச்சோடு வாங்கும் வழி மூடிவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் மூடியது. வட்டாக வந்தவற்றை இன்றும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் போட்டு விளையாடலாம். கடையில் மட்டும் இருந்தவை போனது போனதுதான். 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் வட்டுகளைக் கைமாற்றவும் இணையத்தின் அனுமதி வேண்டும் என்று அறிவித்த மைக்ரோசாஃப்ட், எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஜூனில் பின்வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கன்சோலில் டிரைவ் இருந்தது. பத்தாண்டு வரை அதில் ஒரு திருட்டு வட்டுகூட ஓடவில்லை. டிரைவ் இருந்தும் திருட்டு இல்லை. ஸ்விட்சில் டிரைவ் இல்லாமலேயே திருட்டு. இவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் ட்ரீம்காஸ்ட்டின் வட்டு, வட்டு என்று ஓதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

பிட்டுக்கு மண்:
எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் வட்டைச் செருகியதும் விளையாட்டு ஹார்ட் டிஸ்கில் நிறுவப்பட்டு அங்கிருந்துதான் ஓடியது. அதன்பின் வட்டு உரிமையைக் காட்டும் சீட்டு மட்டுமே. நான் முதலில் சொன்ன மூன்றில் இது இரண்டாவது வகையைச் சேர்ந்தது...

மேகவாசி:
சீட்டுதான் என்றால் அந்தச் சீட்டை இணையத்தில் கொடுத்துவிடலாமே! 2023இல் வந்த மெலிந்த வடிவப் பிளேஸ்டேஷன் 5இல் கழற்றி மாட்டும் டிரைவைக்கூட முதன்முறை மாட்டும்போது இணையத்தில் இணைத்து அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிரைவே இல்லை; வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் வட்டுக்குக் காவல் நிற்பது எங்கள் சர்வர்தான். 360இல் டிரைவ் பொய் சொன்னதற்கு இன்னும் நேரான பதில் வரவில்லை.

லேசர் கண்ணன்:
டிரைவை மாட்டவும் சர்வரின் தயவு வேண்டும் என்பதைச் சாதனையாகச் சொல்கிறீர்கள். நாளை அந்தச் சர்வரை அணைத்துவிட்டால், புதிதாக வாங்கிய டிரைவ் மாட்டிய இடத்தில் சும்மா கிடக்கும். அடுத்த கன்சோலிலும் இதே ஏற்பாடு தொடரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இழையையே தொடங்கினேன். 360 பற்றிய பதில் ஃபர்ம்வேர் என்று நான் எழுதிய வரியிலேயே இருக்கிறது. மேலே போய்ப் படித்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: வீட்டில் எழுதிய ஒரு ஜிடி-ராம் வட்டு, ஒன்றே ஒன்று, எங்காவது ஓடியதா? ஆம் அல்லது இல்லை என்று அதற்குப் பதில் வரும் வரை 360 பற்றி இங்கே நான் பேசப் போவதில்லை.

மேகவாசி:
ஜிடி-ராம் எதற்கு? சிடியே போதுமாக இருந்ததே.