தலையணையை எங்கே வைப்பது?

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது, ஒன்றரை வருட இடைவெளியில், வேறு வேறு மருத்துவமனைகளில். முதல் தடவை டிஸ்சார்ஜ் அன்று இன்சூரன்ஸ் அப்ரூவல் வரவே சாயங்காலம் ஆகிவிட்டது. நான் பில் கவுண்டரில் நின்றிருந்தேன். அந்த நேரத்தில் சிஸ்டர் அறைக்கு வந்து எல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவுக்கு நினைவில் நின்றது ஒன்றுதான்: "காலுக்குத் தலையணை வைக்கச் சொன்னாங்க." கையில் கொடுத்த சம்மரி முழுக்க ஆங்கிலம்.

வீட்டில் முட்டிக்கு அடியில் வைத்தோம். அம்மாவுக்கும் அது சுகமாக இருந்தது. 10வது நாள் வந்த பிசியோதெரபிஸ்ட் பதறிவிட்டார். குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டுமாம்; அப்போதுதான் முட்டி நேராகும். மடங்கியே கிடந்தால் அப்படியே இறுகிவிடும். அதை நிமிர்த்துவதற்குள் அம்மா பட்ட பாடு! ஒரு மாதம் தினமும் அழுதார். ஒரு நிமிடம் செய்து காட்டியிருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

இரண்டாவது தடவை வந்த சிஸ்டர் முதல் நாளே, "வீட்ல யாரு பார்த்துக்கப் போறீங்க?" என்று கேட்டு என்னையும் உட்கார வைத்தார். டவலைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்துக் காட்டினார். அப்புறம் என்னை வைக்கச் சொன்னார். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம், நடுராத்திரி என்றாலும் கிளம்பி வாருங்கள் என்றார். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, மலம் கறுத்துப் போனால் உடனே போன் செய்ய வேண்டும். கடைசியில், "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கம்மா" என்றார். அம்மா ஒரு மாத்திரையை நேரம் மாற்றிச் சொன்னார். சிஸ்டர் முகம் சுளிக்காமல் அட்டையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தார்.

*

அக்கா, நான் சர்ஜரி வார்டில் 11 வருடமாக சிஸ்டர். நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரே காலையில் நான்கைந்து டிஸ்சார்ஜ் சேர்ந்து வரும். "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் "புரிஞ்சுது சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள், வீட்டுக்குப் போகிற அவசரம். குடலிறக்க ஆபரேஷன் முடிந்த ஒருவரிடம் "கனம் தூக்காதீங்க" என்றேன். தலையாட்டினார். இரண்டாவது வாரமே நெல் மூட்டை தூக்கிவிட்டு வலியோடு வந்தார். அவர் கணக்கில் அரை மூட்டை கனமே இல்லை. இப்போதெல்லாம் "தண்ணிக்குடம் தூக்கலாமா? மூட்டை? பேரப்பிள்ளையை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். பேரப்பிள்ளை என்றதும்தான் பலர் யோசிக்கிறார்கள்.