பட்டை ஸ்பிரிங் ஜீப்புக்கு ஸ்டீயரிங் டாம்பர் தேவையா?

ஏலமலை (கேள்வி):
வணக்கம். என்னிடம் 1997ஆம் ஆண்டு ஜீப் ஒன்று இருக்கிறது. முன்னும் பின்னும் முழு ஆக்சில் (இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் ஒரே அச்சு), பட்டை ஸ்பிரிங், பவர் இல்லாத ஸ்டீயரிங். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வாரம் மூன்று முறை ஏறி இறங்குகிறேன். கடைசி 4 கிலோமீட்டர் வெறும் கல்பாதை. சென்ற ஆண்டு 31 அங்குல டயரும் அகலமான ரிம்மும் போட்டு, முன் ஷாக்கிளையும் (பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஊசலாடும் இணைப்பு) நீளமானதாக மாற்றினேன். அதன் பிறகு இரண்டு தொந்தரவுகள். கல்பாதையில் சக்கரம் மோதும்போது ஸ்டீயரிங் கையை உதறிக்கொண்டு சுழல்கிறது. ஒருமுறை ஸ்போக்கில் அடிபட்ட இடது கட்டைவிரல் ஒரு வாரம் வீங்கியிருந்தது. அதைவிட அச்சமூட்டுவது தேனி சாலையில் நடப்பது. 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும், முன்பக்கம் முழுவதும் இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்கி, வண்டியை ஏறக்குறைய நிறுத்தும் வரை அடங்குவதில்லை. டாம்பர் ஒன்று போட்டால் இரண்டும் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

கல்பாதை:
அவசரப்பட வேண்டாம். இதே நடுக்கத்துக்கு நானும் முதலில் டாம்பரைத்தான் போட்டேன். நான்கு மாதம் நிம்மதியாக ஓடியது. டாம்பரில் எண்ணெய் கசிந்து அது தளர்ந்ததும், நடுக்கம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியது. அவிழ்த்துப் பார்த்தால் டை ராட் எண்ட் (முன்சக்கரங்களைச் சேர்த்துத் திருப்பும் தண்டின் முனை மூட்டு) கையால் ஆட்டினாலே கடகடத்தது. நான்கு மாதமும் அதோடுதான் மலை இறங்கியிருக்கிறேன்.

பழைய பட்டறைக்காரர்:
நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு நோய்கள். கல்லில் மோதும்போது கை உதறுவது வெளியிலிருந்து வரும் அடி. சாலையில் தொடங்கி அடங்காமல் ஆடுவது வண்டிக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும் கோளாறு. டாம்பர் என்பது குறுக்காகப் படுத்திருக்கும் ஒரு ஷாக் அப்சார்பர்தான். மெதுவாகத் திருப்பினால் வழிவிடும், வெடுக்கென்று இழுத்தால் எதிர்த்து நிற்கும். ஆகவே முதல் நோய்க்கு அது உண்மையிலேயே மருந்து. இரண்டாவதற்கு அது வலியை மட்டும் மறைக்கும்.

சோதனையைக் காசில்லாமல் நீங்களே செய்யலாம். சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக ஆட்டட்டும். நீங்கள் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டின்மேலும் விரலை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் விரலுக்குத் தெரியும். ஸ்டீயரிங் பாக்ஸைச் சேசிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளையும், உங்கள் வண்டியில் பெல் கிராங்க் (ஸ்டீயரிங் பாக்ஸின் அசைவை டை ராடுக்குக் கடத்தும் நெம்புகோல்) இருந்தால் அதன் புஷ்ஷையும் விட்டுவிடாதீர்கள். பிறகு ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (சக்கரம் இடமும் வலமும் திரும்பும் முளை). இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பேரிங்கை மாற்றிக் காசை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அதிகச் சந்தேகம் உங்கள் ஷாக்கிளின் மேல்தான். அது ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கிறதா, பின்முனையில் இருக்கிறதா? முன்முனையில் இருந்தால், நீளமான ஷாக்கிள் ஸ்பிரிங்கின் மூக்கைக் கீழே தள்ளும். அதோடு ஆக்சிலும் முன்னோக்கிச் சாய்ந்து, காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். சக்கரம் தானாக நேராகத் திரும்ப வேண்டும் என்ற இழுப்பைத் தருவது அந்தக் கோணம்தான். அது குறைந்த வண்டி பள்ளத்தில் ஆடத் தொடங்கினால் அடக்க ஆளில்லை. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்துக் கோணத்தை மீட்கலாம். டயர் பேலன்சிங்கையும் காற்றழுத்தத்தையும் பார்ப்பதைச் சொல்லத் தேவையில்லை.

புதுவண்டி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 2020க்குப் பின் வந்த மஹிந்திரா தார் இருக்கிறது. எனக்கும் இது வேண்டுமா? மாருதி ஜிம்னியில் தொழிற்சாலையிலேயே டாம்பர் வருகிறதே.

பழைய பட்டறைக்காரர்:
உங்கள் வண்டியில் முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்குகின்றன, ஸ்டீயரிங்கும் ராக் (பற்சட்டம்) வகை. ஒரு சக்கரத்தின் அடி மறு சக்கரத்தை ஆக்சில் வழியாக உலுக்காது. நடுக்கம் வந்தால் அலைன்மென்ட்டையும் மூட்டுகளையும் பாருங்கள். டாம்பரைத் தேட வேண்டாம். ஜிம்னியில் முன்பக்கமும் முழு ஆக்சில் என்பதால் அதில் இருப்பதற்குப் பொருள் உண்டு.

ஏலமலை:
பட்டறைக்காரர் ஐயாவுக்கு நன்றி. ஷாக்கிள் முன்முனையில்தான் இருக்கிறது. ஜாக்கியில் ஏற்றியபோது வலது சக்கரத்தில் ஆட்டம். பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை. கிங் பின் மூடியைக் கழற்றி, பேரிங் மாற்றி, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய) தகடுகளைக் குறைத்து இறுக்கம் சரிசெய்தோம். பழைய ஷாக்கிளையே திரும்பப் போட்டுவிட்டேன். உயரம் போனதில் சற்று வருத்தம்தான். நேற்று அதே பள்ளத்தில் வேண்டுமென்றே இரண்டு முறை இறக்கினேன். ஒருமுறை உலுக்கியது, அடங்கிவிட்டது. கல்பாதையில் கை உதறல் மட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய பட்டறைக்காரர்:
அது அகல ரிம்மின் வேலை. சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் கல்லின் அடிக்கு நெம்புகோல் நீளம் கூடிவிட்டது. பழைய ரிம்முக்கு மனமில்லை என்றால் இப்போது தாராளமாக டாம்பர் வாங்குங்கள். சில செய்திகள்: காஸ் அடைத்த டாம்பரின் தண்டு எப்போதும் வெளியே தள்ளும், அதனால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் லேசாக இழுக்கலாம், பவர் இல்லாத உங்கள் வண்டிக்கு எண்ணெய் டாம்பரே போதும். ஒரு முனையை டை ராடிலும் மறுமுனையை ஆக்சிலிலும் பூட்டுங்கள். சேசிஸில் பூட்டினால் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் டாம்பரின் நீளமும் மாறும். பூட்டியதும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். சக்கரம் அதன் ஸ்டாப்பரில் முட்டி நிற்க வேண்டும். அதற்கு முன் டாம்பர் முட்டினால், கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பாது.