டேட்டா சேமிக்க டிவிடி பிளஸ் ஆரா, மைனஸ் ஆரா?
வணக்கம் நண்பர்களே. புகைப்படங்களும் பழைய கணக்குக் கோப்புகளுமாக ஏறக்குறைய 60 ஜிபி இருக்கிறது, ஹார்ட் டிஸ்கில் இருப்பது போக இன்னொரு பிரதியை டிவிடியில் எழுதி பீரோவில் வைக்கலாம் என்று யோசனை. டேட்டாவுக்கு மட்டும்தான், படம் பார்க்க அல்ல.

இரண்டுமே ஒரே ஒரு முறை எழுதக்கூடிய டிஸ்க் வகைகள். மைனஸ் ஆர் (DVD-R) 1997-இல் பயனியர் கொண்டுவந்தது, பிளஸ் ஆர் (DVD+R) 2002-இல் பிலிப்ஸ், சோனி இருந்த கூட்டணியிலிருந்து வந்தது. இரண்டும் 4.7 ஜிபிதான் (கணினி 4.38 என்று காட்டும், அது வேறு கணக்கு). எழுதும்போது லேசர் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை பிளஸ் ஆரில் அதிக வேகத்திலும் தடுமாறாது என்கிறார்கள், அதனால் என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. பழைய பிளேயர்கள் மைனஸைத்தான் எளிதாகப் படிக்கும் என்பது படம் பார்ப்பவர்கள் கவலை.

குழப்புவது டிவிடி ராம் (DVD-RAM), திரும்பத் திரும்ப அழித்து எழுதும் இன்னொரு வகை டிஸ்க். ஒரு லட்சம் முறை அழித்து எழுதலாமாம், ஆர்டபிள்யூ (RW, அதுவும் அழித்து எழுதும் டிவிடிதான்) என்றால் ஆயிரம்தான். கெட்டுப்போன இடத்தைத் தானே ஒதுக்கிவிட்டு வேறிடத்தில் எழுதிக்கொள்ளும். ஆனால் வேகம் குறைவு, எல்லா டிரைவும் படிக்காது, அப்புறம் கடையில் கேட்டால் கணினிக்குப் போடும் ராமை எடுத்து நீட்டுகிறார்கள்!

பத்து வருடத்துக்கு முன் எழுதிய பிளஸ் ஆர் யாரிடமாவது இருந்தால், இப்போதும் பிழையில்லாமல் படிக்கிறதா? 8.5 ஜிபி டபுள் லேயர் (இரண்டு அடுக்கு) டிஸ்கை நம்பலாமா? 16 எக்ஸ் வேகம் வரை எழுதும் டிஸ்கை 8 எக்ஸ் வேகத்தில் எழுதுவது நல்லதா? எந்த டிரைவில் எழுதினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.