பதினோராம் அத்தியாயத்தில் நிறுத்திவிட்டேன்

குழு: வாசிக்கும் குடும்பம்

சனிக்கிழமை

கலா (இரவு 8:40): பாரி, நீ அனுப்பிய நாவலைப் பதினோராம் அத்தியாயத்தில் நிறுத்திவிட்டேன். பத்து அத்தியாயம் வரை கீழே வைக்க மனமே வரவில்லை. அதற்கு மேல் முடியவில்லை.

பாரி: அந்தக் கொலைக் காட்சியா பெரியம்மா?

கலா: அதேதான். கொலைக் கதை எனக்குப் புதிதில்லை, உனக்கே தெரியும். கல்லூரிக் காலத்திலிருந்து இதைத்தான் படிக்கிறேன். ஆனால் இதில் நான்கு பக்கம். கத்தி எங்கே இறங்கியது, எவ்வளவு ஆழம், அவள் எப்படித் துடித்தாள் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். எல்லாமே கொல்கிறவன் கண் வழியாக. பாதி வரை படித்துவிட்டு மூடினேன். நேற்று இரவு விளக்கை அணைக்காமலே படுத்திருந்தேன்.

கலா: எனக்குக் கோபம் எங்கே வந்தது தெரியுமா? அவனுக்குச் சின்ன வயது ஞாபகம் வருகிறது, வெளியே பெய்யும் மழை கேட்கிறது, அழகான உவமைகள் கிடைக்கின்றன. அவளுக்கு ஒரு நினைப்புகூட இல்லை. வலிக்கிறது, கத்துகிறாள், அவ்வளவுதான். சாகப்போகிற பெண் யாரையும் நினைக்க மாட்டாளா?

முரளி: அக்கா, நானும் அதே இடத்தில் திணறினேன். நான் அதை ஒலிப்புத்தகமாகக் கேட்டேன். அது இன்னும் மோசம். அச்சில் என்றால் கண் தானாக இரண்டு வரி தாண்டி ஓடிவிடும். காதில் ஒருவர் நிதானமாக வாசிக்கும்போது எங்கே ஓடுவது? நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்று காதிலிருந்து கழற்றிவிட்டேன்.

பாரி: சரி, நான் ஒன்று கேட்கிறேன். பழைய துப்பறியும் கதைகளில் நூலக அறையில் ஒரு பிணம் கிடக்கும். யாரும் அழ மாட்டார்கள். கடிகாரம் எத்தனை மணிக்கு நின்றது, சாம்பல் எந்தச் சுருட்டுடையது என்று பார்க்கப் போய்விடுவார்கள். ஓர் உயிர் போயிருக்கிறது, அது வெறும் புதிராகிவிடுகிறது. அதுதான் எனக்கு உறுத்தும். கொலை அருவருப்பானது. படிக்கிறவருக்கு வயிறு புரள வேண்டும். புரளவில்லை என்றால் எழுதியவர் உண்மையை மறைக்கிறார் என்றுதான் சொல்வேன்.

முரளி: பாரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரத்தம் ஒன்றும் இலக்கியத்துக்குப் புதிதும் இல்லை. நம் கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு. செத்த வீரர்களின் பற்களை அரிசியாக்கிப் பேய்கள் கூழ் சமைக்கின்றன! செயங்கொண்டார் கொஞ்சமும் கூசாமல் பாடியிருக்கிறார். கிரேக்க நாடகக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். கொலை பெரும்பாலும் மேடைக்கு வெளியே நடக்கும். தூதுவன் ஓடிவந்து நடந்ததைச் சொல்வான். பிறகு உடலைச் சக்கர மேடையில் உருட்டிக்கொண்டு வந்து காட்டுவார்கள். செய்வதைக் காட்டவில்லை, ஆனால் தூதுவன் சொல்வது நெஞ்சை உலுக்கும்.

கலா: பரணி படித்தபோது எனக்கு வயிறு புரளவில்லையே முரளி. அங்கே எல்லாமே மிகை. பேய் பேசுகிறது, களம் கண்ணுக்கு எட்டாத அளவு பெரிது. எந்த வீரனின் முகத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோய் நம்மை நிறுத்தவில்லை. இங்கே ஓர் அறை, உள்ளே ஒரு பெண். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். ரத்தம் எத்தனை படி என்பது எனக்குப் பெரிதில்லை. என்னை எங்கே நிற்கவைக்கிறார் என்பதுதான் கேள்வி.

சுதா: அண்ணி, எனக்கு இப்படிப்பட்ட பக்கங்கள் வந்தால் கை சில்லிட்டுத் தலை சுற்றும். மனசு தைரியமாகத்தான் இருக்கும், உடம்பு கேட்காது. ஏன் அப்படி என்று தெரியவில்லை.

தேன்மொழி (இரவு 9:25): இப்போதுதான் பணி முடிந்து எல்லாவற்றையும் படித்தேன். அத்தை, அதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரணமாகப் பயந்தால் இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், காயம், ஊசி இவற்றுக்குப் பயப்படுகிறவர்களில் பலருக்கு முதலில் ஏறி, அப்புறம் சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகிற ரத்தம் குறையும், அதனால் மயக்கம். நேரில் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை, கேட்டாலோ படித்தாலோ சிலருக்கு வந்துவிடும். இது கோழைத்தனம் இல்லை. அவசரப் பிரிவில் காயத்துக்குக் கட்டுப்போடும்போது, கூட வந்த திடகாத்திரமான ஆட்கள் சரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

தேன்மொழி: அப்படி வந்தால் கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடியுங்கள், முகம் சூடாகிறது என்று தெரிந்ததும் தளர்த்துங்கள். கொஞ்சம் விட்டு மறுபடி செய்யுங்கள். அழுத்தம் இறங்காமல் தாங்கும். மூச்சை மட்டும் அடக்க வேண்டாம். அடிக்கடி மயக்கமே வருகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சுதா: இத்தனை நாளாக என்னை நானே பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி தேனு.

பாரி: அக்கா, நீ தினமும் காயத்தைப் பார்க்கிறாய். உனக்கு அந்த நான்கு பக்கம் எப்படி இருந்தது?

தேன்மொழி: படித்தேன், தாண்டவில்லை. ஆனால் எனக்கு அதில் வேறு குறை. வேலையில் என் மனதில் தங்குவது காயம் இல்லை பாரி. உறவினர்கள் கேட்கிற கேள்வி. உயிர் போன பிறகு யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், ரொம்ப வலித்திருக்குமா என்று. அவர்களுக்கு வேறு எதுவும் வேண்டாம், அது ஒன்றுதான் தெரிய வேண்டும். இந்தக் கதைகள் வலியைப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அப்புறம் விசாரணை, துரத்தல் என்று ஓடிவிடுகின்றன. அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் வருவதில்லை.

பாரி: நீ எதுவரை படித்தாய்?

தேன்மொழி: பதினான்கு.

பாரி: பத்தொன்பதைப் படி. இப்போதைக்கு வேறொன்றும் சொல்ல மாட்டேன்.

சுதா: நான் இந்தக் கதைகளை ஏன் படிக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கொலை வேண்டாம். அவள் எந்த இடத்தில் சந்தேகப்பட்டாள், எப்படித் தப்பித்தாள், எந்த வார்த்தையில் அவன் மாட்டிக்கொண்டான் என்பதைத்தான் தேடித் தேடிப் படிக்கிறேன்.

தேன்மொழி: இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள் அத்தை. அமாண்டா விகாரி, கிறிஸ் ஃப்ரேலி என்று அமெரிக்க உளவியலாளர்கள் இருவர். 2010இல் வெளிவந்தது. நிஜக் குற்றங்களைப் பற்றிய புத்தகங்களை ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் விரும்புகிறார்கள் என்று கண்டார்கள். தப்பிக்கும் தந்திரம் இருக்கிற புத்தகம் என்றால் இன்னும் ஈர்ப்பு. நாவலைப் பற்றி அவர்கள் பேசவில்லை, ஆனால் நீங்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறது.

முரளி: பெண்கள்மேல் நடக்கும் வன்முறை என்றதும் ஞாபகம் வருகிறது. 2018இல் பிரிட்டனில் பிரிட்ஜெட் லாலெஸ் என்ற எழுத்தாளர் ஒரு பரிசை ஏற்படுத்தினார். ஸ்டாஞ்ச் பரிசு. பெண் அடிபடாத, பின்தொடரப்படாத, பாலியல் கொடுமைக்கு ஆளாகாத, கொல்லப்படாத திரில்லருக்குத்தான் கொடுத்தார்கள்.

கலா: நல்ல காரியம்தானே?

முரளி: குற்ற நாவல் எழுதும் பெண்களே எதிர்த்தார்கள் அக்கா. வேல் மெக்டெர்மிட், சோஃபி ஹன்னா இருவரும் வெளிப்படையாகவே பேசினார்கள். உலகத்தில் நடந்துகொண்டிருக்கும் கொடுமையை எழுதாமல் விட்டால் அது இல்லாமல் போய்விடுமா என்பது அவர்கள் பக்கம்.

கலா: எழுதட்டும். எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்பு ஒரு நாவல் படித்தேன். கொலை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன ஆனது என்று பக்கம் பக்கமாக வரும். அவள் துணிகளை எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை வரும். அதைப் படித்து அழுதேன். அதுவும் வன்முறையைப் பற்றிய எழுத்துதான், ஆனால் என்னைக் கொலைகாரனோடு நிறுத்தவில்லை.

சுதா: எனக்கு இன்னொரு கவலை. நிலா இந்தப் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறாள். பதினைந்து வயது. வாங்கி வைத்துவிடவா?

முரளி: திரைப்படத்துக்குச் சான்றிதழ் உண்டு, புத்தகத்துக்கு அப்படி எதுவும் பொதுவாக இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு விதிவிலக்கு உண்டு. 1991இல் வந்த 'அமெரிக்கன் சைக்கோ' நாவலைப் பிளாஸ்டிக் உறையில் மூடி, 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று வகைப்படுத்தினார்கள்.

கலா: பிடுங்காதே சுதா. எங்கள் வீட்டில் ஒளித்துவைத்த புத்தகத்தைத்தான் நானும் உன் வீட்டுக்காரரும் முதலில் தேடிப் படிப்போம்.

தேன்மொழி: அத்தை, அவளிடம் நேராகச் சொல்லுங்கள். பதினோராம் அத்தியாயம் கொடூரமாக இருக்கும், வேண்டாம் என்று தோன்றினால் தாண்டிவிடு, தாண்டினால் யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டோம் என்று. படித்து முடித்ததும் அவளிடம் பேசுங்கள். தனியாக வைத்துக்கொண்டு மருகுவதுதான் அந்த வயதில் கஷ்டம்.

கலா: பாரி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பதினொன்றை விட்டுவிட்டுப் பன்னிரண்டிலிருந்து படித்தால் கதை புரியுமா?

பாரி: புரியும் பெரியம்மா. ஒரே ஒரு விவரம் தெரிந்தால் போதும். கதவு உடைக்கப்படவில்லை. அவளே திறந்துவிட்டாள்.

கலா: நான்கு பக்கத்தில் கதைக்கு வேண்டியது அந்த ஒரு வரிதானா!

பாரி: கதைக்கு அவ்வளவுதான். எனக்கு அவ்வளவு மட்டும் இல்லை. நீங்கள் பத்தொன்பதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

கலா (மாலை 5:15): பத்தொன்பது முடித்தேன். தேனு, நீ கேட்ட கேள்வியை அவள் தம்பி காவல் நிலையத்துக்கு வந்து கேட்கிறான்.

தேன்மொழி: காலையிலேயே படித்துவிட்டேன் பெரியம்மா. அந்த இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இல்லை, உடனே முடிந்துவிட்டது என்று சொல்கிறாரே, நாங்களும் அப்படி ஒரு பதிலைத் தேடித் தவித்திருக்கிறோம். எழுதியவருக்கு, உறவினர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கிற அறை தெரிந்திருக்கிறது.

பாரி: இதைத்தான் சொல்ல நினைத்தேன். அவர் சொல்வது உண்மை இல்லை என்று எனக்குத் தெரிகிறது. பதினொன்றைப் படித்ததால் தெரிகிறது. அந்த நான்கு பக்கத்தைத் தாங்கியவருக்குத்தான், அந்தப் பையனிடம் இன்ஸ்பெக்டர் எதை மறைக்கிறார் என்பது முழுதாகப் புரியும்.

கலா: நல்ல வாதம். நேற்றைய என் கோபத்தில் பாதி குறைந்துவிட்டது. ஆனாலும் நான் இரண்டு பக்கத்தில் மூடியவள், எனக்கும் அவர் மறைப்பது புரிந்தது. பத்தொன்பது என்னை அழவைத்துவிட்டது. அதற்கு எனக்கு அந்த மீதி இரண்டு பக்கம் தேவைப்படவில்லை. அவள் ஒரு தடவையாவது இந்தத் தம்பியை நினைத்தாள் என்று பதினொன்றில் ஒரு வரி இருந்திருந்தால், நான் நான்கு பக்கத்தையும் படித்திருப்பேன்.

பாரி: அந்த ஒரு வரி இருந்திருக்கலாம். அதை ஒத்துக்கொள்கிறேன்.

சுதா: நிலாவும் தாண்டித்தான் படித்தாளாம். இப்போது பத்தொன்பதைப் பற்றி அவள் அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

முரளி: ஆமாம், அரை மணி நேரமாக. அடுத்து எதைப் படிக்கலாம் பாரி?

பாரி: ஒன்று இருக்கிறது மாமா. இனிமேல் புத்தகத்தோடு சேர்த்தே எழுதிவிடுகிறேன். கொலை மூன்று, எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் நமக்குத் தெரியும். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு நாய்க்கு அடிபடும்.

சுதா: நாய் பிழைக்குமா? அதை முதலில் சொல்.

பாரி: பிழைத்துவிடும் அத்தை. கடைசி அத்தியாயம் வரை வரும்.

கலா: அப்படியானால் அனுப்பு.